அப்பா எதற்கு? டர்பன் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளை பெற்ற ஆண்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுகிறோம். டீ, மிக்சர், கொஞ்சம் வாக்குவாதம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், அம்மாக்களும் வளர்ந்த பிள்ளைகளும் தனியாக வந்து கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் 2025 கடைசியில் இருந்த நிலையைச் சொல்பவை. நான் வக்கீல் இல்லை. உங்கள் விஷயத்தில் இறங்குமுன் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எதற்குத் தனியாகப் பேச்சு?

அம்மாவைப் பற்றி நிறையவே பேசுகிறோம். தெய்வம் என்கிறோம், கையோடு எல்லா வேலையையும் அவர் தலையில் கட்டிவிடுகிறோம். ஸ்கூல் மீட்டிங்குக்கு யார் போவது, தடுப்பூசிக்கு யார் தூக்கிப் போவது, ராத்திரி காய்ச்சலுக்கு யார் முழித்திருப்பது என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில். அப்பாவுக்கு மாலை போட இந்தப் பக்கத்தை எழுதவில்லை. அவருடைய பங்கு வேலை எது, அதை யார் அவரிடமிருந்து பிடுங்கினார்கள், எங்கே அவராகவே நழுவினார் என்று பார்க்கத்தான்.

இந்த நாட்டில் எத்தனை பிள்ளைகள் அப்பாவோடு வளர்கிறார்கள்?

அரசின் வீட்டுக் கணக்கெடுப்புகள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே நிலவரத்தைத்தான் காட்டுகின்றன. மூன்றில் ஒரு பிள்ளைதான் அம்மா, அப்பா இருவரோடும் இருக்கிறது. பத்தில் நான்குக்கு மேல் அம்மாவோடு மட்டும். ஐந்தில் ஒன்று இரண்டு பேரும் இல்லாமல், பெரும்பாலும் பாட்டி வீட்டில்.

இதைக் கேட்டதும் ‘கறுப்பர் வீடுகளில் அப்படித்தான்’ என்று பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. சுத்த அறியாமை. சுரங்கத்துக்கு ஆண் மட்டும் வரட்டும், பெண்டாட்டி பிள்ளை கிராமத்திலேயே கிடக்கட்டும் என்று பல தலைமுறைக்குச் சட்டம் போட்டு நடத்திய நாடு இது. ஆண்கள் ஹாஸ்டல்களில் அடைந்து கிடந்தார்கள், வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்ப் பிள்ளை முகம் பார்த்தார்கள். கறுப்பர்கள் எங்கே போகலாம், எங்கே தங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டம் ஒழிந்ததே 1986இல்தான். அப்பாவை வீட்டிலிருந்து பிரித்து எடுத்ததில் அரசுக்கும் கம்பெனிக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

இந்தியர் வீடுகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அப்பா இருக்கும் வீட்டில்தான் வளர்கிறார்கள். நல்லது. ஆனால் கணக்கெடுப்பவர் கேட்பது, அப்பா அந்த வீட்டில் தூங்குகிறாரா என்று. பிள்ளையின் டீச்சர் பெயர் அவருக்குத் தெரியுமா என்று கேட்பதில்லை.

ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் காலத்தில் அப்பா எப்படி இருந்தார்?

‘அந்தக் காலத்து அப்பா’ என்றால் மீசை, அதட்டல், வீட்டுக்கு ராஜா என்று ஒரு உருவம் நம் மனசில் இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக் காம்பவுண்டில் அவர் ராஜாவாக இருந்ததே இல்லை.

மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் வந்தார்கள். பெரும்பான்மை மெட்ராஸ் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஆட்களை ஏற்றும்போது, நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருந்தால் போதும் என்பது பிற்காலத்து விதி. ஆக, பெரும்பாலான ஆண்களுக்குக் குடும்பம் என்ற ஒன்றே வாய்க்கவில்லை. வாய்த்தவர்களுக்கும் அடுத்த அறையோடு ஒரே சுவர். தன் பெண்டாட்டியைச் சர்தார் (தோட்டத்துக் கங்காணி) அதட்டும்போது தடுக்கவும் முடியாது, காய்ச்சல் வந்த பிள்ளையோடு ஒரு நாள் உட்காரவும் முடியாது. எந்த நேரத்துக்கு எங்கே இருக்க வேண்டும் என்பது எஜமானின் கையில்.

ஒப்பந்தம் முடிந்து ‘இங்கேயே குடியிருக்கிறேன்’ என்றவர்களுக்கு இன்னொரு அடி. 1895இல் வந்த சட்டம், அதற்குப் பிறகு ஒப்பந்தம் போட்டவர்கள் விடுதலையாகி நடாலில் (டர்பன் இருக்கும் மாகாணம்) தங்கினால் ஆளுக்கு வருஷம் 3 பவுண்டு வரி என்றது. 1903இல் அதைப் பிள்ளைகள் தலையிலும் வைத்தார்கள். 16 வயசுப் பையன், 13 வயசுப் பெண் என்றால் அவர்களுக்கும் தனித்தனி 3 பவுண்டு. மாதம் ஒரு பவுண்டுக்கும் குறைவாகச் சம்பாதிக்கும் ஆளுக்கு, பெரிய பிள்ளைகள் இரண்டு இருந்தால் குடும்பத்துக்கு 12 பவுண்டு. அது அவருடைய வருஷக் கூலியைவிட அதிகம். மகள் பெரியவளாகிறாள் என்றால் வரியும் வருகிறது என்று பயந்த அப்பாவை நினைத்துப் பாருங்கள். மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பதுதான் பலருக்கு இருந்த ஒரே வழி. அதற்குத்தானே அந்த வரியைப் போட்டார்கள்.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஸெர்ல் கொடுத்த தீர்ப்பு இன்னும் கேவலம். கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவாகாத கல்யாணத்தை இந்த நாடு ஏற்காது என்றார். வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணுடையது. ஆனால் தாலி கட்டிய நம் வீட்டுப் பெண்களும் ஒரே நாளில் ‘மனைவி இல்லை’ என்றானார்கள், பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள் ஆனார்கள். அப்பா இருந்தும் சட்டப்படி அப்பா இல்லை.

இந்தச் சட்டங்களை எதிர்த்து அந்த வருஷம் இந்தியர்கள் நடத்திய போராட்டத்தில் பெண்கள் இறங்கினார்கள் என்றால் காரணம் இது. அக்டோபரில் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கி, கரும்புத் தோட்டங்கள் வரை பரவியது. நியூகாஸிலிலிருந்து டிரான்ஸ்வாலுக்கு நடந்த கூட்டத்தில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். ஜொஹானஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை முனுசாமி முதலியார் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயசு 16. மகளைச் சிறைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்த ஒரு அப்பாவும் அந்தக் கதையில் இருக்கிறார். அவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அந்த 1914இல்தான் 3 பவுண்டு வரி ஒழிந்தது, நம் கல்யாணங்களுக்கும் ஓரளவு மதிப்பு கிடைத்தது.

எங்கள் குடும்பப் பெயர் பெருமாள். அது யாருடைய பெயர்?

அநேகமாக உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர், அல்லது கொள்ளுத்தாத்தாவின் பெயரே.

கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி நம்பர், பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஊர் என்று எழுதினார்கள். தமிழ்நாட்டில் அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இங்கே வெள்ளைக்காரக் குமாஸ்தாவுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். அதனால் ஏதோ ஒரு தலைமுறையில், பிறப்புப் பதிவிலோ ஸ்கூல் பதிவிலோ, அப்பா பெயர் கடைசியில் போய் உட்கார்ந்து உறைந்துவிட்டது. பெருமாள், முனுசாமி, வீராசாமி, குப்புசாமி எல்லாம் அப்படி உறைந்தவை. நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலி, படையாச்சி என்பவை சாதிப் பெயராக ஒட்டியவை, இன்று நைடூ, பில்லே, கவெண்டர், மூட்லி, பதயாச்சி என்று ஒலிக்கின்றன. கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கும் வீடுகளும் உண்டு. எழுதிய குமாஸ்தா வேறு, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல்கள் இன்னும் இருக்கின்றன. க்வாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதூலி ஆவண மையத்தில் கணினியில் தேடலாம். காலனி நம்பர் தெரிந்தால் வேலை சுலபம். பழைய பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ்களில் அது இருக்கக்கூடும், ஆயாவின் (பாட்டியின்) பெட்டியைக் கிளறுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து தேடினால் இன்னும் நல்லது. பதின்ம வயசுப் பையன் அப்பாவோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேச வேறு என்ன சாக்கு கிடைக்கும் சொல்லுங்கள்.

கூட்டுக் குடும்பம் எப்போது உடைந்தது? அப்பாவை அது எப்படிப் பாதித்தது?

டர்பனின் பழைய குடியிருப்புகளான கேட்டோ மேனரிலும் கிளேர்வுட்டிலும் தகர வீடுதான், ஆனால் ஒரே முற்றத்தில் தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை. அப்பா கோபக்காரர் என்றால் பிள்ளை பெரியப்பா வீட்டுத் திண்ணையில் போய் உட்காரும். அப்பா வேலையில்லாமல் இருந்தால் சித்தப்பா ஸ்கூல் ஃபீஸ் கட்டுவார். நகரசபைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், வாழ்ந்த மேகஸின் பேரக்ஸிலும் இதே கதை.

1950இல், எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரிக்கும் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. அறுபதுகளில் இந்த ஜனங்களைப் பிரித்து எடுத்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து கொட்டினார்கள், பிறகு ஃபீனிக்ஸில். கொடுத்த வீடு அம்மா, அப்பா, பிள்ளைகள் மட்டும் அடங்கும் அளவு. தாத்தா யூனிட் 3இல், பெரியப்பா யூனிட் 7இல். திண்ணை போனது. அதுவரை நாலு ஆண்கள் பங்குபோட்டுச் செய்த அப்பா வேலை ஒரே ஆளின் தலையில் விழுந்தது, அந்த ஆளோ விடியுமுன் பஸ் பிடித்து நகரத்துக்குப் போய் இருட்டியபின் திரும்பினார். துணித் தொழிற்சாலைகளுக்கு அம்மாக்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் இதே காலத்தில். தொண்ணூறுகளில் இறக்குமதித் துணி வந்து அந்தத் தொழிற்சாலைகள் மூடியபோது வேலை போன ஆண்கள் பலர் வீட்டில் உட்கார்ந்தார்கள். சம்பளம் கொண்டுவருவதுதான் அப்பா என்று வளர்ந்தவருக்கு, சம்பளம் நின்றதும் தான் யார் என்றே தெரியவில்லை. சாட்ஸ்வொர்த்தின் குடியையும் அடிதடியையும் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை. அதற்காக அடித்தவரை மன்னிக்கச் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வெளியே, சமூகத்துக்கு அப்பாக்கள் என்ன செய்தார்கள்?

பள்ளிக்கூடம் கட்டினார்கள். இந்தியப் பிள்ளைகளுக்கு அரசு போதுமான ஸ்கூல் கட்டாத காலத்தில், ஊர்க் கமிட்டிகள் காசு திரட்டி, அரசு மானியம் வாங்கி எழுப்பிய எய்டட் ஸ்கூல்கள்தான் நடாலில் பெரும்பான்மை. கரும்பு வெட்டியவரும் காய்கறி விற்றவரும் கொடுத்த காசு. எழுதப் படிக்கத் தெரியாதவர் பேரனை டாக்டராக்கிய கதை டர்பனில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கோயில்களும் அப்படியே, வாரக் கடைசியில் கூடிக் கட்டியவை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோயில் கமிட்டி, கால்பந்துக் கமிட்டி, அரசியல் கூட்டம் என்று ஊருக்கே அப்பாவாக இருந்தவரை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கமிட்டி மினிட்ஸில் அவர் கையெழுத்து நூறு இருக்கும், பிள்ளையின் ரிப்போர்ட்டில் ஒன்றுகூட இருக்காது. இன்றும் பார்க்கிறோம்.

அம்மாவும் ஆயாவும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அப்பா கூடுதலாக என்ன செய்துவிடப் போகிறார்?

அப்பா இல்லாமலும் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களைப் பயமுறுத்த இந்த விஷயத்தைப் பயன்படுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அப்பா அன்றாடம் கூட இருந்தால் பிள்ளைக்கு நம்ப இன்னொரு பெரிய ஆள் கிடைக்கிறார். அம்மாவுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது, அதுவும் பிள்ளைக்கே போய்ச் சேர்கிறது. தூக்கிப் போட்டு விளையாடுவது, மரம் ஏறவிட்டுக் கீழே நிற்பது என்று பல அப்பாக்கள் விளையாடும் விதம் பிள்ளைக்குத் தன் பயத்தை அளக்கக் கற்றுக்கொடுக்கிறது. ஆண்பிள்ளைக்கு இன்னொன்று: ஒரு ஆண் எப்படிக் கோபப்படுகிறான், எப்படி மன்னிப்புக் கேட்கிறான், பாத்திரம் கழுவுகிறானா என்று அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

மாற்றம் அப்பாவின் உடம்பிலும் நடக்கிறது. பிலிப்பைன்ஸின் செபுவில் 624 ஆண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது தெரிந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. இதைச் சொன்னதும் எங்கள் மண்டபத்தில் இரண்டு பேர் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை வளர்க்க ஆணின் உடம்பும் தயாராகிறது என்றுதான் அர்த்தம்.

ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கியாயிற்று. என்ன செய்வது?

துறைமுகம், ப்ராஸ்பெக்டன் கார் தொழிற்சாலை, லாரி, செக்யூரிட்டி என்று இருப்பவர்கள் எல்லோரும் கேட்பது. ‘ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேனே’ என்பார்கள். போங்கள், ஆனால் பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்கிக் கொடுப்பதோடு முடித்துவிடாதீர்கள். வாரநாள் வேலை ஒன்றை முழுசாக உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். காலை டிபன் டப்பா கட்டுவது, ஸ்கூலில் இறக்கிவிடுவது, இப்படி ஏதாவது ஒன்று. காரில் போகும் அந்தப் பத்து நிமிஷத்தில் பிள்ளை சொல்வது வேறு எந்த நேரத்திலும் வராது, ஏனென்றால் நீங்கள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்கிறீர்கள்.

சின்னக் குழந்தை என்றால் ஊசியும் எடையும் பதியும் ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தை நீங்கள் கையில் எடுங்கள். அடுத்த ஊசி எப்போது, எடை எவ்வளவு என்று அம்மாவைக் கேட்காமல் உங்களால் சொல்ல முடிய வேண்டும். ‘உதவி செய்கிறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சொந்தப் பிள்ளைக்கு யாராவது உதவி செய்வார்களா?

நான் ஜொஹானஸ்பர்க்கில், பிள்ளை தஞ்சாவூரில். வீடியோ காலில் அப்பாவாக இருக்க முடியுமா?

கஷ்டம், ஆனால் ஓரளவு முடியும். அங்கே நேரம் மூன்றரை மணி முன்னால். பிள்ளை எட்டரைக்குத் தூங்குகிறது என்றால் உங்களுக்கு மாலை ஐந்து. வேலை முடியும் நேரம்தானே? தினம் அதே நேரம், கதை சொல்லித் தூங்கவைக்கும் வேலை உங்களுடையது. ‘சாப்பிட்டாயா, படித்தாயா’ விசாரணை வேண்டாம், அதற்கு அங்கே ஆள் இருக்கிறார்கள்.

குழந்தை பிறந்தால் அப்பாவுக்கு எவ்வளவு லீவு?

2020க்கு முன்பு தனி லீவே கிடையாது. குடும்பக் காரணத்துக்கான மூன்று நாளில்தான் எடுக்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் பத்து நாள் பெற்றோர் லீவு வந்தது. 2025 அக்டோபர் 3 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அதையும் மாற்றிவிட்டது. அம்மாவுக்கு நான்கு மாதம், அப்பாவுக்குப் பத்து நாள் என்று பிரிப்பது பாகுபாடு என்று சொல்லி, இரண்டு பேரும் வேலையில் இருந்தால் மொத்தம் நான்கு மாதமும் பத்து நாளும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றது. ஒருவர் மட்டும் வேலையில் இருந்தால் அவருக்கு நான்கு மாதம். பிரசவித்த தாய் உடம்பு தேற வேண்டிய காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இந்தப் பங்கீடு. புதுச் சட்டம் எழுத நாடாளுமன்றத்துக்கு மூன்று வருஷம் அவகாசம். அதுவரை இந்த இடைக்கால ஏற்பாடு நடக்கும்.

முதலாளி இந்த லீவுக்குச் சம்பளம் தரக் கட்டாயமில்லை. யூஐஎஃப் என்ற அரசின் வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில் விண்ணப்பிக்கலாம், ஆனால் அப்பாவின் பங்கு நாட்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது, நம் ஆண்கள் வரவில்லை. ‘ஆபீஸில் சிரிப்பார்கள்’ என்கிறார்கள். சிரிக்கட்டும். கூடவே ஒன்று: குழந்தை பிறந்த முதல் வருஷத்தில் மனச்சோர்வு அம்மாவுக்கு மட்டும் வருவதில்லை. 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அப்பாக்களில் பத்தில் ஒருவருக்கு இருந்தது. எரிச்சல், தூக்கமின்மை, வீட்டுக்கு வரவே பிடிக்காமை என்று வரும். கிளினிக்கில் சொல்லுங்கள்.

எங்களுக்குப் பதிவுக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை மேல் எனக்கு உரிமை உண்டா?

உண்டு, பெரும்பாலும். 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, பிள்ளை பிறக்கும்போது நீங்களும் அம்மாவும் நிரந்தரத் துணையாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் முழு உரிமையும் பொறுப்பும் தானாகவே வரும். சேர்ந்து வாழவில்லை என்றால், நான்தான் அப்பா என்று ஒத்துக்கொண்டு, வளர்ப்பிலும் செலவிலும் நேர்மையாகப் பங்கெடுத்திருக்க வேண்டும், அல்லது முயன்றிருக்க வேண்டும். தகராறு வந்தால் முதலில் சமரசப் பேச்சுக்குத்தான் அனுப்புவார்கள்.

பிறப்பை முப்பது நாளுக்குள் பதிய வேண்டும். கல்யாணம் ஆகாத அப்பா, அம்மா இல்லாமல் போய்த் தன் பெயரில் பதிய முடியாது என்று முன்பு இருந்தது. 2021 செப்டம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறப்பைப் பதியும் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) கவுண்டரில் பழைய பதிலையே சொன்னால் மேலதிகாரியைக் கேளுங்கள்.

கோயிலில் தாலி கட்டியிருக்கிறோம், போதாதா என்பார்கள். அதிகாரம் பெற்ற பூசாரி வைத்துப் பதிவும் செய்துவிடுங்கள். 1913இல் நம் ஜனங்கள் எதற்குத் தெருவுக்கு வந்தார்கள் என்று மேலே பார்த்தோமே.

பிரிந்துவிட்டோம். அவள் பிள்ளையைக் காட்டமாட்டேன் என்கிறாள், நான் ஏன் பணம் தர வேண்டும்?

தரத்தான் வேண்டும். மண்டபத்தில் அதிகச் சத்தம் வருவது இந்தக் கேள்விக்குத்தான், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். பணம் வேறு, பார்ப்பது வேறு. பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்த முடியாது. பணம் வரவில்லை என்று பிள்ளையை மறைக்கவும் முடியாது. இரண்டும் பிள்ளையின் உரிமை.

மெயின்டனன்ஸ் (பிள்ளைக்கான ஜீவனாம்சம்) கேட்க வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. பிள்ளை இருக்கும் பகுதியின் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விண்ணப்பம். இரண்டு பேரின் வரும்படியையும் செலவையும் பார்த்துத் தொகை போடுவார்கள். வேலை போய்விட்டால் ஓடி ஒளியாமல் அதே கோர்ட்டுக்குப் போய்க் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்டாமல் விட்டால் சம்பளத்திலிருந்து நேராகப் பிடிப்பார்கள், சொத்தை ஜப்தி செய்யலாம், கடன் பதிவேட்டில் பெயர் ஏறும், சிறையும் உண்டு. 18 வயசோடு முடிவதில்லை, பிள்ளை தன் காலில் நிற்கும்வரை.

பார்க்கும் உரிமைக்கு அரசின் ஃபேமிலி அட்வகேட் (குடும்ப வழக்கறிஞர்) அலுவலகம் இருக்கிறது. இலவசம். எந்த வாரம் யாரிடம், தீபாவளிக்கு எங்கே, ஸ்கூல் லீவு எப்படி என்று எழுதிவைக்க உதவுவார்கள். பிள்ளை முன்னால் அம்மாவைத் திட்டாதீர்கள். அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

அடிக்காமல் எப்படி வளர்ப்பது? எங்கள் அப்பா பெல்ட்டால் அடித்துத்தான் உருப்பட்டோம்.

அடித்தும் உருப்பட்டீர்கள் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். ஸ்கூலில் அடிப்பது 1996 முதல் தடை. வீட்டில் ‘நியாயமான தண்டனை’ என்று பெற்றோருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை 2019 செப்டம்பர் 18 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆக, இன்று பிள்ளையை அடிப்பது தாக்குதல்தான்.

குடிக்கிற அப்பா?

கரும்பிலிருந்து வடித்த கேன் ஸ்பிரிட் இந்த ஊரில் எத்தனை வீட்டைக் குடித்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டாயிரங்களின் நடுவில் சாட்ஸ்வொர்த்தில் ‘சுகர்ஸ்’ என்ற போதைத் தூள் பரவியதும், அப்பா குடிக்க, மகன் தூள் புகைக்க, அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்றதைப் பார்த்தோம். ‘பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்’ என்று அந்த அம்மாவிடம் சொல்லாதீர்கள். அடிக்கிற அப்பா வீட்டில் இருப்பதைவிட இல்லாதது மேல். அவர் நிறுத்த விரும்பினால் வழி உண்டு, கடைசிப் பதிலைப் பாருங்கள்.

மகள் வயசுக்கு வந்துவிட்டாள். அப்பா கொஞ்சம் தள்ளி நிற்பதுதானே மரியாதை?

நேற்றுவரை தோளில் தூக்கிய அப்பா, சடங்கு முடிந்த மறுநாள் முதல் ‘அம்மாவிடம் சொல்’ என்று ஒதுங்குவது நம் வீடுகளில் நடப்பதுதான். அவள் என்ன தப்பு செய்தாள் என்று அவளுக்குப் புரிவதில்லை. சானிட்டரி பேட் வாங்கிவர அப்பாவிடம் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிற பெண், நாளைக்கு எவனாவது தொந்தரவு செய்தாலும் அப்பாவிடம் சொல்வாள். தள்ளி நிற்காதீர்கள்.

மகன் இல்லை. எனக்குக் கொள்ளி யார் வைப்பது?

மகள். கிளேர் எஸ்டேட் மயானத்தில் மகள் முன்னால் நிற்பதை இப்போது பார்க்கிறோம், பதினாறாம் நாள் கருமாதியிலும். ஏதாவது பூசாரி முனகினால் வேறு பூசாரி.

எனக்குத் தமிழ் அரைகுறை, பிள்ளைகளுக்குச் சுத்தமாக வராது. அப்பாவாக நான் எதைக் கொடுப்பது?

பாஷை நம் வீடுகளில் நின்றுபோனதற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அது பெரிய கதை. தெரிந்ததைக் கொடுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி கட்டும்போது பையனை வேடிக்கை பார்க்க விடாமல் மயிலிறகைக் கையில் கொடுங்கள். எலுமிச்சை ஏன், விரதம் எத்தனை நாள் என்று கேட்டால் தெரிந்தவரை சொல்லுங்கள், தெரியாததைத் தாத்தாவிடம் இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டுப் போகாமல் பின் வரிசையில் நீங்களும் உட்காரலாம். அப்பா எழுத்துக் கூட்டித் திணறுவதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷமே தனி.

அப்பா இறந்துவிட்டார், அல்லது விட்டுப் போய்விட்டார். யார் அந்த இடத்தில்?

நம் முறையில் தாய்மாமன் இருக்கிறார். காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்வதோடு அவர் வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறோம். மாமாவிடம் நேராகக் கேளுங்கள்: மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இந்தப் பையன் உன்னோடு. தாத்தா, கராத்தே மாஸ்டர், பக்கத்து வீட்டு அண்ணன் யாராக இருந்தாலும் சரி, வருகிறேன் என்றால் வருகிற ஆளாக இருக்க வேண்டும். ஆசை காட்டிவிட்டு வராதவர் வேண்டவே வேண்டாம். போன அப்பாவைப் பற்றிப் பிள்ளை கேட்டால் வயசுக்குத் தக்கபடி உண்மையைச் சொல்லுங்கள்.

தந்தையர் தினம் கொண்டாடலாமா?

ஜூன் மூன்றாவது ஞாயிறு. ப்ராய் (தணலில் கறி சுடும் விருந்து) போடுங்கள், சாக்ஸ் வாங்கிக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்.

உதவிக்கு எங்கே போவது?

பிள்ளை சம்பந்தப்பட்ட எதற்கும் சைல்ட்லைன் என்ற உதவித் தொலைபேசி 116, கட்டணமில்லை, பிள்ளைகளே கூப்பிடலாம். வீட்டில் அடிதடி என்றால் 0800 428 428, இருபத்துநாலு மணி நேரமும். குடி, போதையை நிறுத்த உதவும் சான்கா அமைப்பின் கிளை டர்பனில் இருக்கிறது, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏஏ கூட்டங்களும் நடக்கின்றன. மெயின்டனன்ஸுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஐடி, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், செலவுப் பட்டியல் எல்லாம் எடுத்துப் போங்கள். காலையில் சீக்கிரம் போங்கள், வரிசை நீளம்.